அம்மாவின் சீற்றை வெட்டிய கதை

பிள்ளைகளே, "உங்கடை அப்பாவின்ரை மோட்டச்சைக்கிளுக்கு ஏன் பின்பக்கம் ஒட்டுப் போட்டிருக்கு?" என்று பள்ளிக்கூடத்தில் சிநேகிதர்கள் கேட்டால், "அவர் வெட்டிப்போட்டுத் திரும்ப ஒட்டினவர்" என்று சொல்லிவிட்டு நீங்கள் இருவரும் சிரிக்கிறீர்களாம். உங்கள் ரீச்சர் அதை அம்மாவுக்குச் சொல்ல, அம்மா எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவரும் சிரித்தார். நீங்கள் சொல்வது பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. மற்றப் பாதியை எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழை கண்டால் சிவப்புப் பேனையை எடுக்காமல் வாசியுங்கள்.

அந்த மோட்டார் சைக்கிள் முன்பு எல்லோருடையதையும் போலத்தான் இருந்தது. வட்ட லைற், நீளச் சீற், பின்னால் சாமான் கட்ட ஒரு கரியர், அம்மாவின் சேலை சில்லில் சிக்காமல் இருக்க இடப்பக்கம் ஒரு கம்பி வலை. அன்றன்றைய கேற், யன்னல் கிறில் வேலையைத் தொடங்குமுன், காலையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு கோப்பாயிலிருந்து திருநெல்வேலிக்குப் போவேன். அவர் உடுப்புத் தைக்கிற கடை பலாலி வீதியில் இருக்கிறது. இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு, தையல் பையை மடியில் வைத்து, ஒரு கையால் என் தோளைப் பிடித்தபடி வருவார். பின்னேரமும் அப்படியே. அந்த நீளச் சீற்றின் பின்பாதி அம்மாவுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஒரு நாள் கனடாவில் இருக்கிற உங்கள் மாமா என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். எங்கள் சைக்கிளின் அதே இனம்தான். ஆனால் ஹாண்டில் தாழ்ந்து, ஓடுகிறவன் குனிந்து, சீற் ஓர் ஆளுக்கு மட்டும் அளவாய், அதன் முடிவில் ஒரு சின்னத் திமில். கீழே 'கஃபே ரேசர்' என்று எழுதியிருந்தார். முந்தி வெளிநாட்டு இளந்தாரிகள் ஒரு கோப்பிக் கடையிலிருந்து மற்றக் கோப்பிக் கடைக்குப் போட்டிக்கு ஓட இப்படிச் செய்வார்களாம். வேகத்துக்குத் தேவைப்படாததை எல்லாம் கழற்றி எறிந்துவிட வேண்டுமாம்.

எனக்கு அந்தப் படம் பிடித்துப்போனது. எங்கள் கொட்டிலில் வெல்டிங் மெசின் இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது, பைப் வளைக்கிற சட்டம் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? குசினிக்குள் போய் அம்மாவுக்குப் படத்தைக் காட்டினேன்.

"வடிவாத்தான் கிடக்கு," என்றார் அம்மா. "இதிலை என்ன செய்யிறது?"

"கோப்பிக் கடைக்குப் போறதுதான்."

"நீங்கள் நான் ஊத்தித் தாற தேத்தண்ணியையே ஆறவிட்டுக் குடிக்கிற ஆள். உங்களுக்கு ஓடிப்போய்க் கோப்பி குடிக்க வேணுமோ?"

பிறகு படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இஞ்சாருங்கோ, இதிலை நான் எங்கை இருக்கிறது?"

அந்தக் கேள்வியை நான் யோசித்திருக்கவே இல்லை. யோசிக்காத ஆள் சொல்கிற பதிலைத்தான் சொன்னேன். "உமக்கு பஸ் இருக்குத்தானே."

"ஓம்," என்றார் அம்மா. "பஸ் இருக்கு."

போனை என் கையில் தந்துவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் கொட்டிலுக்குப் போனேன்.

வேலை நன்றாகத்தான் போனது. ஹாண்டிலைக் கழற்றித் தலைகீழாகப் பூட்டினேன், அது படத்தில் இருந்ததுபோலவே தாழ்ந்துவிட்டது. பெற்றோல் தாங்கியைக் கழுவித் தேய்த்து, கேற்றுக்கு அடிக்கிற சிவப்புப் பிறைமரையே முதல் பூச்சாக அடித்தேன். கரியரும் கம்பி வலையும் அம்மா கால் வைக்கிற கட்டைகளும் கழன்று மூலைக்குப் போயின. சைலன்சரையும் கழற்றிவிட்டு ஒரு கட்டைப் பைப்பைப் பூட்டினேன். பக்கத்து வளவு அண்ணை, வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருகிறவர், வேலியடியில் நின்று நாள்தோறும் ஒரு பகிடி விட்டுவிட்டுப் போவார்.

"தம்பி, உதுக்குத் தாழ்ப்பாள் எங்கை போடப்போறீர்?"

"அண்ணை, இது கேற் இல்லை."

"பிறைமரைப் பாத்தால் கேற் மாதிரித்தான் கிடக்கு. பூ ஒண்டு வைச்சு வளைச்சு விடும், ஆரும் விலைக்குக் கேப்பினம்."

கடைசியாக வெட்டு. சேசிஸ் இலக்கம் முன் கழுத்தில் இருக்கிறது, அதில் கை வைக்கக்கூடாது. பின் ஸ்பிரிங் பூட்டுகிற இடத்துக்கு அப்பால், சீற்றின் பின்பாதியைத் தாங்குகிற வளையத்தைத்தான் வெட்டினேன். கிரைண்டர் நெருப்புப் பொறி பறக்கவிட்டு, அந்த வளையம் நிலத்தில் விழுந்தது. பார்க்க ஒரு குதிரை லாடம் மாதிரி இருந்தது. அப்போது அது அம்மாவின் இடம் என்று எனக்குப் படவில்லை. பழைய இரும்புக் குவியலில் எறிந்தேன்.

இதற்கிடையில் அம்மா பஸ்ஸில் போய்வந்தார். ஒரு சொல் முறைப்பாடு இல்லை. பின்னேரம் நசுங்கிய பையோடு வந்து இறங்குவார்.

"எப்பிடி பஸ்?" என்று கேட்பேன்.

"நல்லது. கொண்டக்டர் என்னோடை நல்லாக் கதைச்சவர்."

"என்ன கதைச்சவர்?"

"'அக்கா, உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ' எண்டு இருபாலைச் சந்தி வருமட்டும் கதைச்சவர்."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அதையும் நான் பிறகுதான் யோசித்தேன்.

சீற் மட்டும் மிச்சம். தகரத்தில் அடித்தளம் வெட்டி, திமிலும் வளைத்து, ஸ்பொஞ்ச் ஒட்டியாயிற்று. மேலே கறுப்பு ரெக்சினில் வரிவரியாகத் தைத்த உறை வேண்டும். வீட்டிலேயே தையல்காரி இருக்க, வெளியில் கொடுக்கலாமா? அம்மாவிடம் கேட்டேன். அவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார். சீற்றைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"முன் கழுத்து எவ்வளவு இறக்கம் வைக்க?" என்றார்.

"பகிடி விடாமல் அளவை எடும்."

"கடைக்கு வாறவையிட்டைக் கேக்கிறதைத்தானே கேக்கிறன். கை வைக்கிறதோ, கையில்லாமலோ?"

அளவெடுத்தார். இரண்டு மூன்று நாளில் தைத்து முடித்து, மடித்து, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி என் கையில் தந்தார். வரிகள் எல்லாம் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. அப்படி ஒரு தையலை நான் கடைச் சீற்றிலும் கண்டதில்லை. கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன். முன்பக்கம் கச்சிதம். பின்பக்கம் திமிலையும் தாண்டி, ஒரு முழத்துக்கு உறை தொங்கிக்கொண்டு நின்றது.

"அளவு பிழைச்சுப் போச்சு," என்றேன்.

"எனக்கு அளவு பிழைக்கிறேல்லை," என்றார் அம்மா. "தையலுக்கு விட்டிருக்கிறன்."

"தையலுக்கு ஆரும் ஒரு முழம் விடுவினமோ?"

"வளருற பிள்ளைக்கு விடுறதுதான். பேந்து பிரிச்சுப் பெருப்பிக்கலாமெல்லே."

"இது மோட்டச்சைக்கிள். இது வளராது!"

"வளராதோ?" என்று கேட்டுவிட்டு, அம்மா மரக்குற்றியில் இருந்தார். இப்போது குரலில் பகிடி குறைந்திருந்தது. "இஞ்சை பாருங்கோ. வீட்டிலை நான் உங்களோடை எப்ப கதைக்கிறது? கொட்டிலுக்கை வந்தால் கிரைண்டர் கத்தும். குசினிக்கை நிண்டால் பிள்ளையள் கத்துவினம். ராவிலை நீங்கள் பாயிலை சரிஞ்ச உடனை குறட்டை. காலமை திருநெல்வேலிக்குப் போறதும் பின்னேரம் வாறதும்தான் எனக்குக் கிடைச்சது. அதையும் வெட்டி இரும்புக்கை எறிஞ்சுபோட்டியள்."

பின்னால் இருந்து அவர் சொல்கிற கதைகள் எனக்கு ஞாபகம் வந்தன. கடையில் கலியாண பிளவுசுக்கு வந்த பெண் அழுதது, அவருடைய அக்காவோடு வந்த கோபம், அது எப்படித் தீர்ந்தது, எல்லாம் முதுகுப்பக்கமாகத்தான் எனக்குத் தெரியவந்தவை. அம்மா பஸ்ஸில் போகத் தொடங்கிய பிறகு ஒன்றும் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா எழும்பிப் போனபின் உறையை எடுத்து மடிக்கப் பார்த்தேன். அதை வெட்டிச் சின்னதாக்குவது ஒரு கத்தரிக்கோல் வேலை. ஆனால் அந்தத் தையலை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. இரும்புக் குவியலில் போய் வளையத்தைத் தேடி எடுத்தேன்.

அடுத்த நாள் வேலியடியில் அண்ணை நின்றார். "என்ன தம்பி, வெட்டின வாலைத் திரும்ப ஒட்டுறீர்?"

"ஓமண்ணை."

"வீட்டிலை உத்தரவோ?"

"உத்தரவில்லை, அண்ணை. தையலுக்கு விட்டது."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தார். உள்ளே ஒரு கம்பித் துண்டைச் செருகிப் பலமாக்கி, வளையத்தை வைத்து வெல்டிங் பிடித்தேன். கம்பி வலை வந்தது, கால் கட்டைகள் வந்தன. திமிலைக் கழற்றி எறிந்தேன். தகரம் நீண்டது, உறை நூல் அளவுக்கும் பிசகாமல் அதில் பொருந்தியது. எவ்வளவு நீளம் வேண்டும் என்று அம்மா முன்னரே அளந்துதான் தைத்திருக்கிறார்!

மறுநாள் காலையில் இருவரும் புறப்பட்டோம். ஹாண்டில் தாழ்ந்தபடியால் நான் குனிந்து ஓடினேன். அம்மா தையல் பையை என் முதுகில் வைத்து, "எனக்கு வசதியா ஒரு மேசை வந்திட்டுது" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. வீதிக்கு ஏறி வேகம் பிடித்ததும் அந்தக் கட்டைப் பைப் போட்ட சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. அம்மா கதைக்கிறார் என்பது தோளில் இருந்த கையின் அசைவில் தெரிந்தது. இவ்வளவு பாடுபட்டு இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு போனேன்.

கடை வாசலில் இறங்கிய அம்மா, "அப்ப ஞாயிற்றுக்கிழமை. மறக்காதேங்கோ" என்றார்.

எதை மறக்கக்கூடாது? அந்தக் கிழமை முழுக்க நான் துப்புத் துலக்கிப் பார்த்தேன். "ஞாயிறு எத்தினை மணிக்கு?" என்று கேட்டால், "வெயில் ஏற முன்னம்" என்றார். "என்ன உடுப்புப் போட?" என்றால், "உங்களுக்கு எதெண்டாலும் சரி" என்றார். கோயிலா, கலியாண வீடா என்று பிடிபடவில்லை.

ஞாயிறு வந்தது. நீங்கள் இருவரும் அரியாலையில் பெரியம்மா வீட்டில் நின்றீர்கள். அம்மா சல்வாரும் சப்பாத்துமாக வந்து, என் தலைக்கவசத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, கையை நீட்டினார்.

"மோட்டச்சைக்கிள் திறப்பைத் தாங்கோ. எனக்கு ஓடப் பழக்கிறதெண்டு சொன்னனீங்கள்."

"நானோ?"

"ஓம் எண்டனீங்கள். ஒருக்கா இல்லை, கடை வருமட்டும் ஓம் எண்டுகொண்டு வந்தனீங்கள். உங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும். அதுதான் வசதியாப் போச்சு."

பெரியம்மாவின் ஸ்கூட்டியை ஓடிப் பழகியவர்தான், கியர் மட்டும் புதிது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள வெறும் தரைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். நான் பின்னால் ஏறினேன். அந்தச் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து அதன் பின் சீற்றில் நான் இருந்தது அன்றுதான். கிளச்சை விடும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தரம் திமிறி நின்றது, பிறகு பிடித்துவிட்டது. தரையைச் சுற்றி ஓடத் தொடங்கினோம்.

பின்னால் இருந்தால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. என் தகரத்தின் விளிம்பு தொடையை அறுத்தது. ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் வந்து முட்டியது. முன்னால் பார்க்க ஒரு தலைக்கவசத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அம்மா இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு இருப்பவர், அதனால் அவருக்குத் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரிந்தது. கட்டைப் பைப் வலப்பக்கம், என் வலக் கெண்டைக்காலுக்கு நேரே இருந்தது.

"நிப்பாட்டும்! கால் சுடுது!" என்று கத்தினேன்.

அம்மா தலையை ஆட்டிவிட்டு இன்னொரு சுற்று ஓடினார்.

அன்று பின்னேரமே பழைய சைலன்சர் திரும்பப் பூட்டப்பட்டது. பின்பக்கத்துக்கு இன்னொரு அடுக்கு ஸ்பொஞ்ச் வைத்தேன். நான் கேட்காமலே, அதற்கும் உறையின் உள்மடிப்பில் ரெக்சின் விட்டிருந்தார். ஹாண்டிலையும் கொஞ்சம் உயர்த்தினேன். இப்போது அது மாமா அனுப்பிய படத்தைப்போல இல்லை. மாமாவுக்குப் படம் அனுப்பியபோது, "இது கஃபே ரேசர் இல்லை, மச்சான், குடும்ப ரேசர்" என்று பதில் போட்டார்.

ஆனால் சத்தம் நின்றுவிட்டது. கோப்பாயிலிருந்து திருநெல்வேலி வரை அம்மா கதைக்கிறார், நான் கேட்கிறேன், சில நேரம் பதிலும் சொல்கிறேன். சில நாளில் அம்மா ஓட, நான் பின்னால் இருந்து கதைக்கிறேன். யார் வீட்டுப்பாடம் செய்யவில்லை, யார் பாலைச் செவ்வரத்தைச் செடியடியில் ஊற்றினது, யாருக்குப் புதுச் சப்பாத்து, எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அம்மாவும் நானும் எப்படி எப்போதும் ஒரே பதிலைச் சொல்கிறோம் என்று நீங்கள் கேட்டீர்களே, அது இப்படித்தான்.

இன்று காலை கதைத்தது உங்கள் இருவரில் ஒருவரைப் பற்றி. யாரென்று கேட்க வேண்டாம். வீட்டுக் கேற்றடியில் தொடங்கினது, கடை வாசலில் அம்மா இறங்கும்போதும் முடியவில்லை. மிச்சம் பின்னேரம்.