அம்மா நீவி விட்ட பலகை

காரிமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இறந்தவர்களின் முகத்தைப் பென்சிலில் வரைந்து கொடுப்பவன் நான். பதினாறாம் நாள் காரியத்துக்குள் படம் கண்ணாடி போட்டு, மாலையோடு நிற்க வேண்டும். பாதிப் பேருக்கு நல்ல போட்டோவே இருக்காது. பிணத்தை நாற்காலியில் சாத்தி, தாடையைக் கட்டி எடுத்த செல்போன் படத்தை நீட்டி, "கண்ண மட்டும் தெறந்து வரைஞ்சுடுங்க" என்பார்கள். திறந்து வைப்பேன். அதில் நான் கெட்டிக்காரன்.

எனக்காக நான் செய்யும் ஓவியங்களில் முகமே இருக்காது. பிளைவுட் பலகையில் சுவருக்குப் பூசும் பட்டியும் செம்மண்ணும் ராகி உமியும் பசையும் குழைத்துக் கனமாக அப்புவேன். காயக் காய வெடிக்கும். அந்த வெடிப்புக்காகத்தான் அத்தனை பாடும். ஊரில் ஒருத்தருக்கும் அது பிடிபட்டதில்லை. "செவுத்தப் பேத்தாந்து எதுக்குடா வூட்டுக்குள்ள சாத்தி வெச்சிருக்கிற?" என்று அம்மாவே கேட்பாள்.

அம்மாவை வரையப் பல தடவை கூப்பிட்டிருக்கிறேன். "நீ வரைஞ்சவங்க ஒருத்தராச்சும் உசுரோட இருக்கறாங்களாடா? எனக்கு இன்னும் வேல கெடக்குது, போ" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவேன். எங்கே போய்விடப் போகிறாள் என்கிற திமிர்தான்.

போன மாசியில் என் உயரத்துக்கு ஒரு பலகையைப் பூசி வாசலில் படுக்க வைத்திருந்தேன். பாதி காய்ந்து, நான் நினைத்ததைவிட அழகாக வெடிக்கத் தொடங்கியிருந்தது. சந்தைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் ஒரு வெடிப்பும் இல்லை. வாசல் மெழுகுவது போலத் தண்ணீர் தொட்டு முழுவதையும் வழித்துவிட்டிருந்தாள் அம்மா. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அரை வட்டம் அரை வட்டமாக அவள் உள்ளங்கையும் நாலு விரல்களும் பதிந்து கிடந்தன.

"பூச்சு வெடிச்சுப் போச்சுடா. அதான் நீவி வுட்டேன். இப்ப நல்லா இருக்குதில்ல?" என்றாள். கையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. அவள் கண்ணெதிரிலேயே கொத்துக் கரண்டியை எடுத்துப் பலகை தெரியும்வரை சுரண்டித் தள்ளினேன். அவள் கீழே விழுந்த மண்ணைக் கூட்டி அள்ளிக்கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

ஆடியில், கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டாள்.

ஊராருக்கெல்லாம் வரைந்தவன் வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான். அதில் யாரோ அதட்டியது போல மிரண்டு உட்கார்ந்திருக்கிறாள். எப்போதும் போல இடது கண்ணில் தொடங்கினேன். கை ஓடவில்லை. அவள் புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. எந்தப் புருவம்? அட்டையில் அது தெரியவில்லை. அக்காவைக் கேட்டேன். அவளுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் அந்த முகத்தின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். நான் ஒரு நாளும் பார்க்கவே இல்லை. சுவரில் விழுந்த வெடிப்பை மட்டும் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் தழும்பில்லாமலே வரைந்து மாட்டினேன். காரியத்துக்கு வந்தவர்கள், "அச்சு அசலா அப்படியே இருக்குதுங்க" என்றார்கள். அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து, "அம்மா மாரி இல்லடா" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கும் தெரியும்.

எல்லோரும் போன பிறகு மாசியில் மாட்டுக் கொட்டகையில் தூக்கிப் போட்டிருந்த அந்தப் பலகையை வெளியே இழுத்து வந்தேன். வெயிலில் சாய்த்து, திருப்பி, கண்ணைக் கிட்டே வைத்து, மூலை மூலையாகத் தேடினேன். ஒரு விரல் தடம் போதும் எனக்கு.

கரண்டிக் கீறல்கள்தான் இருந்தன. அவ்வளவு சுத்தமாகச் சுரண்டியிருக்கிறேன்.