மான்மத் போர்க்களத்தில் கைதட்டியவர்கள்

1999, ஜூன் மாதத்துக் கடைசி ஞாயிறு. காலை ஒன்பதரைக்கு நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து கிளம்பினோம். ரூட் 9 வழியாகத் தெற்கே ஏறக்குறைய இருபத்தைந்து மைல், மான்மத் போர்க்களம். பக்கத்து இருக்கையில் சலீமா. அவள் கணவன் ரஃபீக் விடியும்போதே போயிருந்தான்.

ரஃபீக் காயல்பட்டினத்துக்காரன், என் கல்லூரித் தோழன். அவன் அலுவலகத்து அமெரிக்கர்கள் சிலர் ஆண்டுதோறும் பழைய அமெரிக்கச் சுதந்திரப் போரை அந்த மைதானத்தில் நடித்துக் காட்டுவார்கள். அந்த வருடம் இவனும் சேர்ந்துகொண்டான், நியூ ஜெர்சி ஊர்ப்படை வீரனாக. ஊர்ப்படை என்றால் சம்பளப் பட்டாளம் அல்ல. உழுதவனும் கொல்லனும் தச்சனும் துப்பாக்கியோடு வந்து பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்ற கூட்டம்.

பத்தரைக்குக் கூடாரத்தருகே அவனைப் பார்த்தோம். தடித்த கோட்டு, மூன்று முனைத் தொப்பி.

"மாப்ள, வெள்ளைக்காரனோட சேந்து வெள்ளைக்காரன அடிக்கப் போறேன். போட்டோ எடுடா!"

"தண்ணி குடிச்சீங்களா?" என்றாள் சலீமா.

"அதெல்லாம் அப்புறம்மா."

ஒன்றேகாலுக்குச் சண்டை தொடங்கியது. குடை பிடித்தும் தலை கொதித்தது. இரண்டு டாலர் எலுமிச்சைச் சாறு கைக்கு வந்த வேகத்தில் வெதுவெதுப்பானது. துப்பாக்கிகளில் குண்டு இல்லை, வெறும் வெடிமருந்துதான். ஆனாலும் ஒவ்வொரு வெடிக்கும் நெஞ்சு அதிர்ந்தது. புகை விலகியபோது ரஃபீக் முழங்காலிட்டான். துப்பாக்கி நழுவியது. முகம் குப்புற விழுந்தான்.

"என்னமா நடிக்கிறான்!" என்று எழுந்து நின்று கைதட்டினேன். எங்கள் வரிசையே தட்டியது. சலீமாவும் சிரித்தாள்.

பத்து நிமிடத்தில் முரசு ஒலித்தது. செத்தவர்கள் எல்லோரும் புல்லைத் தட்டிவிட்டு எழுந்தார்கள். ஒருவன் மட்டும் எழவில்லை.

"அண்ணா, அவர் ஏன் எந்திரிக்கல?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் கயிற்றைத் தாண்டி ஓடிவிட்டாள். போய்ப் புரட்டினோம். உடம்பு அடுப்பாய்ச் சுட்டது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. கண்கள் செருகியிருந்தன. எதிரிப்படையிலிருந்து ஒரு சிவப்புக் கோட்டுக்காரர் தொப்பியை வீசிவிட்டு ஓடிவந்தார். வார நாட்களில் ஆம்புலன்ஸில் வேலை பார்ப்பவராம். "ஐஸ்! ஐஸ்!" என்று கத்தியபடியே ரஃபீக்கின் கோட்டைக் கிழித்தார். சாறு விற்ற கடையின் பனிக்கட்டி முழுவதும் அவன் அக்குளிலும் கழுத்திலும் போனது. நான் அவன் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து ஊரான ஃப்ரீஹோல்டில் மருத்துவமனை. இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். காத்திருந்தபோது சட்டைப்பையிலிருந்த போர்க்களத்துத் துண்டுப்பிரசுரத்தைப் பிரித்தேன். அசல் போரிலும் அன்றைய வெயிலே பலரைக் கொன்றதாம், இரு தரப்பிலும். காலையில் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் மடித்து வைத்திருந்தேன்.

ஐந்தரைக்கு அவன் பேசினான். சலீமா அவன் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"மன்னிச்சுக்கடா. நீ விழுந்தப்ப நான் கைதட்டினேன்," என்றேன்.

"கேட்டுச்சு மாப்ள. கண்ணு தெரியல, வாய் வரல. அது மட்டும் நல்லா கேட்டுச்சு. சரி, இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன்."

இரவு அவனை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். சலீமா கூட இருந்தாள். நான் தனியாக எடிசனுக்குத் திரும்பினேன்.