மீராலெவ்வை காக்கா கரி எடுத்த கார்

மீராலெவ்வை காக்கா மௌத்தான செய்தியை மீன்காரன் சொல்லித்தான் அறிந்தேன். தராசில் மீனைப் போட்டுக்கொண்டே, "காத்தான்குடி மெக்கானிக் காக்கா போயிட்டாராம், கேள்விப்பட்டீங்களா?" என்றான். மீனை வாங்காமலே வீட்டுக்குள் போய்விட்டேன். காக்காவின் பிள்ளைகளிடம் என் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. மௌத்து வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும்தான். என்றாலும் அண்ணன் மாதிரிக் காக்கா என்று கூப்பிட்ட எனக்குச் சொல்லாமல் விட்டதை நான் மறக்க மாட்டேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலருடைய வாகனத்தில் அவர் கை பட்டிருக்கும். அடக்கமான மனிதர் என்று இப்போது எல்லாரும் கதைக்கிறீர்கள். அவரிடம் அடக்கம் இருந்ததை நான் கண்டதில்லை. எங்கள் கரடியனாற்று வீட்டு முற்றத்தில் நின்று கதைத்தால் தெருமுனைக்குக் கேட்கும். "இந்த எஞ்சினச் செஞ்சவனுக்கு அடுத்ததா எனக்குத்தான் இதத் தெரியும்" என்பார். நான் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவேன்.

பெற்றோலுக்கு எல்லாரும் வரிசையில் நின்ற காலம் அது. வரிசையில் நிற்கப் பஞ்சிப்பட்ட என் மகன் ரவி, தெருவோரத்தில் போத்தலில் விற்றதை வாங்கி என் காருக்கு ஊற்றினான். அதில் பாதி மண்ணெண்ணெய். அதற்குப் பிறகு கார் இழுக்கவே மாட்டேன் என்றது. அதைவிடப் பெரிய அதிசயம், சாவித்துவாரத்தில் இருந்து திறப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாலும் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி ஓடிக்கொண்டே இருக்கும். எங்களோடு இருக்கும் மச்சாள் பூரணம், என் புருஷனின் தங்கை, பேய் ஏறிவிட்டது என்று தேசிக்காயும் மிளகாயும் கோத்துக் கட்டினாள். ரவி, "பழைய இரும்புக்குக் குடுப்பமம்மா" என்றான். அந்தக் கார் புருஷன் விட்டுப்போன சொத்து இல்லை. அவர் போன பிறகு வயல் வட்டையில் நானே நின்று வேளாண்மை செய்து வாங்கி, நானே ஓட்டப் பழகிய கார். கெடுத்தவனே விற்கவும் கேட்கிறான்.

நான் ஆள் விட்டதும் காக்கா வந்து எஞ்சினுக்குக் காது கொடுத்துக் கேட்டார். "பேயுமில்ல, பிசாசுமில்ல. உள்ளுக்குக் கரி கட்டிக் கிடக்கு. அந்தக் கரி தணலாக் கிடந்து பெற்றோலப் பத்தவைக்குது. நீ திறப்ப எடுத்தா அதுக்கென்ன?"

ரவி சிரித்தான். "கரிய எடுத்தாலும் இது குளக்கட்டுல ஏறாது மாமா."

"ஏறினா?"

"ஏறினா விக்கிற கதையே எடுக்க மாட்டன். ஏறாட்டி நாளைக்கே குடுத்திருவம்."

காக்கா என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்றாய் தங்கச்சி?"

"ஓம்" என்றேன்.

கசு மர நிழலில் காரை நிறுத்தி எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே பிஸ்டன்களின் தலையெல்லாம் பொங்கல் பானையின் அடி மாதிரிக் கறுத்துத் தடித்திருந்தது. மற்ற ஓட்டைகளைச் சீலைத் துண்டால் அடைத்துவிட்டு, சிரட்டைத் துண்டைச் சீவி அதால் சுரண்டினார். இரும்பால் சுரண்டினால் பிஸ்டனில் கோடு விழுமாம். ஒவ்வொரு பிஸ்டனின் ஓரத்திலும் மெல்லிய வளையமாகக் கொஞ்சக் கரியைத் தொடாமல் விட்டார். ஏன் என்று கேட்டேன். "தேஞ்ச எஞ்சின் தங்கச்சி. அந்த ஓரத்துக் கரிதான் எஞ்சின் ஒயில் மேல வராம மறிக்கும். அது கிடக்கட்டும்."

பிறகு மத்தியான லுஹர் தொழ என்று பாய் கேட்டு வாங்கி விறாந்தைக்குப் போனார். நான் தேயிலை போட்டுப் பிளேன்ரீ ஊற்றக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தால் பூரணம் காருக்குள் குனிந்து நிற்கிறாள், கையில் தேங்காய்த் தும்பு. பக்கத்தில் சிரட்டை நிறையச் சாம்பல். கறுத்த பானையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பிஸ்டன்கள் வெள்ளி மூக்குப்பேணி மாதிரிப் பளபளத்தன.

"நீங்க விட்டதையும் எடுத்திட்டன் காக்கா" என்றாள் பெருமையாக.

காக்கா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "சாம்பலாலயா தேய்ச்ச? அது உள்ளுக்குப் போனா எஞ்சினையே அராவிடும்."

"ஓம், நல்ல விறகுச் சாம்பல்."

நான் ஏசின ஏச்சில் அயல்வீட்டார் வேலிக்கு வந்தார்கள். காக்கா அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கோபம். "ஏசினாச் சாம்பல் வெளிய வருமா தங்கச்சி? மண்ணெண்ணெயும் பழைய சீலையும் கொண்டா" என்றார். எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றிச் சுற்றி, ஓரத்தில் ஏறிவந்த சாம்பலைப் பொழுது சாயும்வரை துடைத்தெடுத்தார். "சாம்பல் வந்திட்டு. ஓரத்துக் கரி வளையம் போனது போனதுதான். அது திரும்பக் கட்டுமட்டும் புகைக்கும். இழுவைக்குக் குறை வராது." மூடியைப் பூட்டி எஞ்சினைக் கிளப்பினார். நான் திறப்பைத் திருப்பியதும் அது டக்கென்று நின்றது. சின்னப்பிள்ளை மாதிரி நாலைந்து தரம் கிளப்பி நிறுத்திப் பார்த்தேன்.

மறுநாள் ரவி காரின் பின்பக்கம் நெல்மூட்டைகளை ஏற்றினான். பூரணத்தையும் ஏற்றித் தானும் ஏறினான். அவன் ஓட்டுகிறேன் என்றதற்கு, "கார்க்காரி ஓட்டட்டும்" என்று காக்கா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குளக்கட்டுக்குத் திரும்பியதும் பின்னால் நீலப்புகை.

"புகையப் பாருங்க மாமா, தோத்திட்டீங்க."

"பந்தயம் ஏத்தத்துக்கு மருமகன், புகைக்கில்ல. வாயை மூடிட்டு இரி."

பாதி ஏற்றத்தில் கார் முக்கியது. "நிப்பாட்டுங்க மச்சாள், பின்னுக்குப் போகப்போகுது" என்று பூரணம் கத்தினாள். "விடுங்கம்மா, காணும்" என்றான் ரவி. என் கால் பெற்றோல் மிதியிலிருந்து தானாக மேலே எழும்பப் பார்த்தது. அப்போது காக்கா, ஒருநாளும் மெதுவாகக் கதைத்தறியாத மனிதர், எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "காலை எடுத்திராத தங்கச்சி."

எடுக்கவில்லை. கார் முனகியபடி ஏறியது. காரின் மூக்கு நிமிர்ந்து தாழ்ந்ததும் முன்கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் குளத்துத் தண்ணீர். நான் போட்ட சத்தத்தில் மேய்ந்த மாடுகள் ஓடின. காக்கா இறங்கி, குளித்துக்கொண்டு நின்ற ஆட்களுக்கெல்லாம் தன் வீரத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அவர் இருக்குமட்டும் ரவி காரை விற்கிற கதையே எடுக்கவில்லை. இப்போது, "இனி ஆரம்மா இதப் பாக்கிறது? குடுத்திருவம். உங்களுக்கும் வயசு போயிட்டு" என்கிறான். காக்காவின் பெண்சாதி, அவருக்காகக் கத்தம் ஓதும் நாளுக்கு வரச்சொல்லி ஆள் விட்டிருக்கிறா. பஸ்ஸில் போகலாம் என்கிறான் மகன். நான் காரை வெளியே எடுத்துவிட்டேன். காத்தான்குடிவரை நான்தான் ஓட்டப்போகிறேன். காக்கா எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு சொல். அது என் வலது காலில் இருக்கிறது.