என் பத்திரிகையை வாசித்த எதிர்க்கட்சிக்காரர்

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலை திருவூடல் தெருவில் நான் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தபோது நடந்தது இது. மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பஞ்சர் ஒட்டி ஒட்டியே நாற்பது சைக்கிளுக்குச் சொந்தக்காரன் ஆனேன். மட்கார்டில் நம்பர் எழுதி வாடகைக்கு விட்டதில் அந்தத் தெருவிலேயே நான்தான் முதல் ஆள். யாரை வேணுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் பத்திரிகை படிக்க வராது. ஒரு வரி எழுத்துக் கூட்டுவதற்குள் டீ ஆறிப்போகும். வெளியே சொல்வேனா? கண் சரியில்லை என்று சமாளித்தேன். எதிர்க்கடை தையல்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

இரண்டு பேரும் ஒரே கொடி பிடித்தவர்கள்தான். கட்சி இரண்டாக உடைந்ததும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அப்படியும் தினம் காலையில் வந்து உட்காருவார். நான் வாங்கும் என் கட்சிப் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பார். அதில் அவருடைய தலைவரைத் தாறுமாறாகத் திட்டியிருப்பார்கள். அதையும் ஏற்ற இறக்கத்தோடு, ஒரு வார்த்தை விடாமல் வாசிப்பார். முடித்த பிறகுதான், "ஆச்சா? இப்ப என் பதிலைக் கேளுய்யா" என்று ஆரம்பிப்பார். சாராயக்கடை வேணுமா வேணாமா என்று ஒரு மாசம் வாக்குவாதம் பண்ணியிருக்கிறோம். "உனக்கு மூளையிலயும் பஞ்சர்" என்பார் அவர். "துணியைத் தப்பா வெட்டிட்டு உடம்பைக் குறை சொல்ற கட்சிய்யா உங்களுது" என்பேன் நான். மறுநாள் காலையில் மறுபடியும் வருவார்.

ஒரு தேர்தல் வந்தது. கட்சி அறிவிக்கும் முன்பே, எங்கள் கட்சி ஆள்தான் நிற்பார் என்று தெருச் சுவரெல்லாம் அவர் பெயரை எழுத வைத்துவிட்டேன். அன்றைக்குக் காலையில் கட்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கடையில் இருந்தார்கள். தையல்காரர் வழக்கம்போல வாசித்துக்கொண்டே வந்தார். எங்கள் தொகுதியைக் கூட்டணிக்கு விட்டுக்கொடுத்தாச்சு என்று ஒரு செய்தி. எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தார்கள்.

"இல்லாததைப் படிக்கிறியா? உன் கட்சிப் புத்தியைக் காட்டிட்டியே!" என்று கத்தினேன்.

அவர் பத்திரிகையை மடித்து ஒரு சைக்கிள் சீட்டில் வைத்துவிட்டுத் தன் கடைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தார். எங்கள் ஆள் ஒருத்தர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, அவர் படிச்சதுதாண்ணே போட்டிருக்கு" என்றார்.

தெருவைக் கடந்தால் பத்துத் தப்படி. அப்பவே போயிருக்கணும். நாலு பேர் எதிரில் நான் போய் மன்னிப்புக் கேட்பதா என்று நின்றுவிட்டேன். நாளைக்கு அவரே வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. தினம் பத்திரிகை வந்தது; பிரிக்காமலே அடுக்கினேன்.

தேர்தல் முடிந்து, சட்டைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். "வாங்க, உக்காருங்க" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை நீங்க என்று கூப்பிட்டதே கிடையாது. அளவெடுக்கும்போது, தப்பு என்னுதுதான், பழையபடி காலையில் வாய்யா என்றேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"கோவமெல்லாம் இல்லீங்க. இனிமே படிச்சா, நம்புறீங்களான்னு ஒவ்வொரு வரிக்கும் உங்க மூஞ்சியப் பாக்கணும். அது என்னால ஆவாது."

சட்டையைக் கச்சிதமாகத் தைத்துக் கொடுத்தார். காலையில் மட்டும் வரவில்லை.

நாற்பது வயசுக்கு மேல் நானே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதுவும் என் சாமர்த்தியம்தான். கடை பெருகி, வேங்கிக்காலில் மாடி வீடு கட்டினேன். சாயங்காலம் பத்துப் பேர் வருவார்கள். நான் அரசியலில் என்ன சொன்னாலும், "ஆமாங்க, நீங்க சொன்னா சரிதாங்க" என்பார்கள். அவர்கள் போனதும் வீடு வெறிச்சோடிப் போகும். ஒரு விஷயத்திலும் என்னோடு ஒத்துப்போகாமல், ஒரு வரியையும் எனக்கு மாற்றிப் படிக்காமல், தினமும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரே மனுஷனை நானே எழுப்பி அனுப்பிவிட்டேன்.