அத்தை கட்டிய காயில்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. திண்டிவனத்து மேடையில் மாமாவின் எலெக்ட்ரிக் கிதார் இரைந்தது.
2. மாமா அதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனார்.
3. அத்தை அதற்குப் புதிதாகக் காயில் கட்டினாள்.
4. இரைச்சல் நின்றது.
5. மாமா வந்து கிதாரை எடுத்துக்கொண்டு போனார்.
6. திண்டிவனத்து மேடையில் கிதார் முன்பைவிட மோசமாக இரைந்தது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இன்னொன்று நடந்தது. நடந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பார்த்தது இன்னதென்று புரிய எனக்குப் பாலிடெக்னிக் வரை போகவேண்டியிருந்தது.

விழுப்புரத்தில் எங்கள் வீட்டின் முன்பக்கம் அப்பாவின் கடை. சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கருகிய கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டிக் கொடுப்பது அப்பாவின் தொழில். மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, தண்ணீர் பாய்ச்சுகிற பருவத்தில் கடையில் கால் வைக்க இடமிருக்காது. போர்டில் அப்பாவின் பெயர் இருந்தது. காயில்களைச் சுற்றியது பெரும்பாலும் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. கான்வென்ட்டில் பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மர அச்சில் கம்பியைக் கொடுத்துக் கைப்பிடியைச் சுழற்றியபடியே என்னோடு பேசிக்கொண்டிருப்பாள். சுற்றுக் கணக்கு தவறாது. பின்கட்டில் உட்கார்ந்து சுற்றியதால் மோட்டார் கொண்டுவருகிறவர்களுக்கு அவளைத் தெரியாது. தெரிந்தால் நம்பிக்கை வராது என்று அப்பா சொல்வார். மழைக்காலத்தில் வார்னிஷ் காயாது என்பதுபோல அதையும் தொழில் சம்பந்தமான ஒரு தகவலாகவே எடுத்துக்கொண்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திண்டிவனத்தில் மெல்லிசைக் குழு வைத்திருந்தார். மெட்ராஸில் யாரிடமோ பழையதாக வாங்கிய கிதார் அவருடையது. மாதா கோயில் திருவிழாவில் சுற்றிலும் ட்யூப் லைட் கட்டியிருந்தார்கள்; கிதாரைச் செருகியதும் பாட்டைவிட இரைச்சல் பெரிதாகக் கேட்டது. கூட்டத்தில் ஒருவர், "மாவு மிஷின நிறுத்திட்டுப் பாடுங்கய்யா" என்றாராம். அடுத்த வாரமே மாமா கிதாரோடு விழுப்புரத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

"ஒரே பேஜாரா கீது மாமா. இன்னான்னு பாருங்க" என்று அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு மோட்டாருதான் தெரியும் மச்சான். இதுல ஷாஃப்ட்டு எங்க கீது?"

டீ கொண்டுவந்த அத்தை, "நான் பாக்கட்டுங்களா?" என்றாள். கான்வென்ட்டில் பாடற்குழுவுக்குச் சாதாரண கிதார் வாசித்தவள் அவள். அங்கிருந்து வெளியே வந்தபின் கிதாரைத் தொட்டதில்லை.

மாமா சிரித்தார். "பாரும்மா. இரைச்சல மட்டும் நிறுத்திக் காட்டிட்டன்னு வெச்சிக்க, கிதாரு உனக்கு. அடுத்த திருவிழாவுல லீடு நீதான் வாசிக்கிற."

"மெய்யாலுமா?"

"மாதா சாட்சி."

எல்லோரும் சிரித்தார்கள், அத்தையைத் தவிர. இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அம்மாவின் தம்பிக்கு அப்பாவின் தங்கை கட்டிக்கொள்ளும் முறை. மாமாவுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டிருந்தாலும் கிண்டல் செய்யும் உரிமை மட்டும் தீரவில்லை. முறைக்காரன் பேசுவது பேச்சில் சேராது. நகை போடுகிறேன் என்பான், பட்டணத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்பான், கேட்டுச் சிரித்துவிட்டுப் போகவேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும். அத்தைக்கும் தெரியும். தெரிந்தும் நம்பினாள். அது ஒன்றுதான் அவள் செய்த தப்பு.

தந்திகளுக்குக் கீழே, காந்தத்தைச் சுற்றிக் காயில் கட்டிய பாகத்துக்குப் பிக்கப் என்று பெயர். அந்தக் கிதாரில் இரண்டு பிக்கப் இருந்தன. அத்தை திறந்து பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே பக்கமாகச் சுற்றியிருப்பதுதான் கோளாறு என்றாள். இரைச்சல் காற்றிலிருந்து இரண்டுக்கும் ஒரே மாதிரி வருகிறது. ஒரு காயிலை எதிர்ப்பக்கமாகச் சுற்றி, அதன் காந்தத்தையும் திருப்பிப் போட்டால் இரண்டு இரைச்சலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் நாதம் மட்டும் கூடும். இன்று இதை நான் பலகையில் படம் போட்டு விளக்குவேன். அத்தை இரண்டு கைவிரல்களையும் எதிரெதிராகச் சுழற்றிக் காட்டினாள்.

மோட்டார்க் கம்பி இதற்கு ஆகாது. பாண்டிச்சேரியில் ஒரு ரேடியோ கடையிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பி வந்தது. மர அச்சில் வைத்துச் சுற்றினால் அறுந்துகொண்டே இருந்தது. அம்மாவின் தையல் மிஷினில் பாபின் சுற்றுகிற இடத்தில் பிக்கப்பை மாட்டி, காலால் மெதுவாக மிதித்து, விரல் நுனியில் கம்பியை வழியவிட்டுச் சுற்றினாள். அப்போதும் பல தடவை அறுந்தது. "என் மிஷின ஒழிச்சிட்டுத்தான் இவ மறுவேலை பாப்பா" என்று அம்மா சமையலறையிலிருந்தே முனகினாள். அத்தை அறுந்த கம்பியைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள்.

இதற்குள் அப்பாவுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு பிக்கப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சுவிட்ச் கரகரத்தது; அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு பிக்கப்பையும் நிரந்தரமாகச் சேர்த்தார்கள். பிக்கப்பும் வயரும் இருக்கும் பள்ளத்துக்குள் மெல்லிய செம்புத் தகடு ஒட்டி எர்த் கொடுத்தார்கள். அண்ணனும் தங்கையும் அப்படித் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருந்ததை நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

கடை ரேடியோவின் பின்னால் கிதாரைச் செருகிச் சோதித்தார்கள். அப்பா ட்யூப் லைட்டைப் போட்டார். ட்ரில்லிங் மிஷினையும் ஓடவிட்டார். ரேடியோவிலிருந்து ஒன்றும் வரவில்லை. மிஷினை நிறுத்தியதும் அத்தை ஒரு தந்தியை மட்டும் மீட்டினாள். அது முடிகிற வரைக்கும் கேட்டது.

"அடிப்பாவி, ஈ பறக்கற சத்தங்கூட இல்லியே" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானத்தில் அத்தை வாசித்தாள். திருவிழாப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு விரலுக்குக் கொண்டுவந்தாள். சிரித்தபடி வாசித்தாள் என்று சொல்ல ஆசை. உண்மையில் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். திண்டிவனத்துக்குப் போன அம்மாவிடம், "இரைச்சல் போயிடுச்சின்னு சொல்லிடுங்க அண்ணி" என்று அவளே சொல்லியனுப்பினாள்.

திருவிழாவுக்கு முன்பு மாமா வந்தார். செருகி வாசித்துப் பார்த்தார். "சூப்பரா கீது" என்று சொல்லிக்கொண்டே உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

அத்தை வாசற்படியில் நின்றபடி கேட்டாள். "ரிகர்சலுக்கு நான் எப்ப வரணும்?"

"எங்க?"

"நீங்கதான சொன்னீங்க. லீடு நான் வாசிக்கலாம்னு."

மாமா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மாமா, உங்க தங்கச்சி கச்சேரிக்கே கெளம்பிடுச்சி போல."

அப்பா சிரிக்கவில்லை. அதனால் அத்தையின் பக்கம் பேசப்போகிறார் என்று நினைத்தேன். "அவன் கிண்டலுக்குச் சொன்னதப் புடிச்சிக்கினு நிக்காத" என்றார். "எடுத்துக்கினு போவட்டும். நான்தான் வரச்சொன்னேன். உனக்கு மாப்ள பாத்துக்கினு கீறோம். ஸ்டேஜ்ல ஏறி நின்னா எவன் வருவான்?"

அத்தை கையை நீட்டினாள். "ஒரு நிமிஷம் குடுங்க. உள்ள ஒரு ஜாயிண்ட்டு சரியா ஒட்டல. வழியில வுட்டுரும்."

"ஜல்தி பாரும்மா, பஸ்சு போயிடும்."

பின்கட்டில் சால்டரிங் அயர்னைச் சூடாகப் போட்டுவிட்டு மூடியைக் கழற்றினாள். கழற்றிய ஸ்க்ரூக்களை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பிக்கப்பிலிருந்து வந்த இரண்டு வயர்களையும் எடுத்துவிட்டு, மறுபடியும் பற்றவைத்தாள். ஈயம் ஆற வாயால் ஊதினாள். மூடியைப் போட்டு, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக வாங்கி முடுக்கினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தாள்.

"பாத்தீங்களா மாமா, மூஞ்சில கோவமே இல்ல" என்றார் மாமா. "நல்ல பொண்ணு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நானாக இருந்தால் கிதாரைக் கீழே போட்டு உடைத்திருப்பேன். அந்த ஞாயிறு ஞானோபதேச வகுப்பில், தீங்கு செய்தவர்களுக்கும் நன்மை செய்வது பற்றி உதாரணம் கேட்டபோது நான் எழுந்து அத்தையின் கதையைச் சொன்னேன். சிஸ்டர் எனக்கு ஒரு குழந்தை இயேசு படம் பரிசாகக் கொடுத்தார்.

திருவிழாவுக்குக் குடும்பத்தோடு திண்டிவனம் போனோம். முதல் பாட்டுக்கே கிதார் உறுமியது. தந்திகளின் சத்தம் தகர டப்பாவைச் சுரண்டுவதுபோல வந்தது. மாமா குமிழ்களைத் திருகினார், ஒயரை ஆட்டினார், கடைசியில் பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு நின்றார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அத்தை கட்டிய காயில் இப்படியாகிவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. அத்தை மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை அவள் பிடித்திருந்த பிடி வலித்தது.

மறுநாளே மாமா கிதாரைத் திருப்பிக் கொண்டுவந்தார். அப்பா திறந்தார். வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதையும் தொடாமல் மூடி முடுக்கினார்.

"காயில் வீக்கு மச்சான். பொம்பளப் புள்ள கட்னதுதான."

பின்கட்டில் அத்தைக்கு அது கேட்டிருக்கும். அந்த மாதமே காயில் சுற்ற ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தார் அப்பா. மர அச்சு முன்கடைக்குப் போனது. மறு வருஷம் அத்தைக்குக் கல்யாணம் ஆயிற்று.

பாலிடெக்னிக்கில் இரண்டு காயில்களைத் தொடராக இணைக்கும் சோதனை வந்தது. ஒன்றின் முனைகளை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அப்படிப் போட்டால் கூடவேண்டியது கழியும், கழியவேண்டியது கூடும். கிதாரில் அதற்கு அர்த்தம், நாதம் செத்து இரைச்சல் இரட்டிக்கும் என்பது. மீட்டரின் முள் திரும்பியபோது எனக்குப் பின்கட்டும், அத்தை ஈயத்தை ஊதியதும் தெரிந்தன. கைதவறி அப்படி மாறியிருக்காது. எந்த முனை எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள் அவள்.

அப்பாவும் பார்த்தவுடன் கண்டுபிடித்திருப்பார். முனைகளைத் திருத்தியிருந்தால் கிதார் மாமாவுக்குப் பயன்பட்டிருக்கும். உண்மையைச் சொல்லியிருந்தால் மாமா குதித்திருப்பார், ஆனால் அத்தைக்கு வேலை தெரியும் என்பதாவது நின்றிருக்கும். அப்பா இரண்டையும் செய்யவில்லை. அவளைக் காப்பாற்றினாரா, தண்டித்தாரா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. அவருக்கே தெரியுமா என்றும் சந்தேகம்.

கிதார் திண்டிவனத்தில் மாமா வீட்டுப் பரணில் கிடக்கிறது. வயர் இன்னும் மாறியேதான் இருக்கும்; யாரும் திறக்கவில்லை. அத்தை பொம்மையார்பாளையத்தில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். அவள் வீட்டில் ஃபியூஸ் போனால் கோட்டக்குப்பத்திலிருந்து வயர்மேனைக் கூப்பிடுகிறார்கள். அவர் வேலை முடிக்கும் வரை அத்தை பக்கத்தில் நின்று டார்ச் பிடிக்கிறாள்.