இதமாக இருந்த வெந்நீர்

போன வருடம் மழைக்காலம் முடிகிற சமயம், ஆம்பூரில் எங்கள் வாடகை வீட்டின் குளியலறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. என் மகள் அப்போதுதான் தவழப் பழகியிருந்தாள்.

நான் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் தோலை விரலால் தடவி, எங்கே தளர்ந்திருக்கிறது, எங்கே தையல் தூக்கியிருக்கிறது என்று பார்க்கும் வேலை. கண்ணைவிட விரல்தான் அதில் முக்கியம். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு மணிக்கட்டில் வலியும் விரல்களில் மரமரப்பும் வந்தன. டாக்டர் ஒரு மாதத்துக்கு மட்டும் நரம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நன்றாகவே குறைந்தது. ஆனால் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் நேரம். நிறுத்தினால் மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் நானாகவே தொடர்ந்தேன். மெடிக்கலில் சீட்டும் கேட்கவில்லை.

எங்கள் கம்பெனி வேனில் பூவைக் கிள்ளிக் கொடுப்பதுபோல மாத்திரை அட்டையைக் கிள்ளிக் கொடுப்பார்கள். நாளெல்லாம் மெஷினில் உட்காரும் பெண்களுக்குக் கை மரத்துப்போவது அங்கே சாதாரணம். நாங்கள் ஆபா என்று கூப்பிடும் மூத்த அக்கா ஒருவர்தான் பெரும்பாலும் கொடுப்பார்.

"போட்டுக்கம்மா. விட்டமின்தானே, ஜாஸ்தியானா ஒண்ணுக்குல போயிடும்."

"அதான் ஆபா, மஞ்ச பெயின்ட்டு மாதிரி போவுது!" என்றாள் பின்சீட்டுக்காரி. வேனே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டேன். பி வைட்டமின் தண்ணீரில் கரையும், மிஞ்சியது வெளியேறிவிடும் என்று கல்லூரிப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். சந்தேகமே வரவில்லை.

இதற்கிடையில் சென்னையிலிருக்கும் என் நாத்தனார் ஆன்லைனில் 'ஆக்டிவ் பி6' என்று ஒரு பாட்டில் வரவழைத்து அனுப்பினாள். "சாதா மாத்திரைய உடம்பு மாத்தி எடுத்துக்கணும் அண்ணி. இது ரெடியாவே இருக்கு, நேரா வேலை செய்யும்" என்றாள். பாசத்தில் செய்தது. அதையும் சேர்த்துக்கொண்டேன். காலையும் மாலையும் தவறாமல். ஒன்றைத் தொடங்கிவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

சில மாதங்களில் மரமரப்பு திரும்ப வந்தது. இந்த முறை பாதத்திலிருந்து. வெறுங்காலில் நடந்தாலும் சாக்ஸ் போட்டதுபோல இருந்தது. நான் பார்த்து அனுப்பிய ஜோடிகளைச் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பத் தொடங்கினார். சத்து போதவில்லை போலிருக்கிறது என்று மதியமும் ஒன்று போட்டேன். களைப்பு, தூக்கமின்மை, பால் கொடுப்பது, எதைத்தான் காரணமாகச் சொல்ல முடியாது?

அந்த ஞாயிற்றுக்கிழமை நீட்டிய கால்கள்மேல் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்ட உட்கார்ந்தேன். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து, விரலை விட்டுப் பார்த்தேன். வழக்கம்போல முதல் சொம்பை என் பாதங்களில் ஊற்றிப் பார்த்தேன். இதமாக இருந்தது. அடுத்த சொம்பை மொண்டு குழந்தையின் முதுகுக்கு நேரே தூக்கினேன். துண்டு கொடுக்க வந்த என் கணவரின் காலில் அதிலிருந்து கொஞ்சம் சிந்தியது. அவர் துள்ளிக் குதித்தார்.

"இன்னா தண்ணிடி இது! கொதிக்குது! குழந்த மேல ஊத்தாத!"

சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் பாதங்களைப் பார்த்தேன். சிவந்திருந்தன. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. கையும் காலும் வேறு யாருடையவையோ என்று தோன்றியது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வேலூரில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம். அதிரும் கம்பி ஒன்றை என் கால் பெருவிரலில் வைத்து, "அதிருதாம்மா?" என்று கேட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு நான் சாப்பிடுவதையெல்லாம் மேஜைமேல் வைக்கச் சொன்னார். மெடிக்கல் மாத்திரை, வேனில் வாங்கியது, நாத்தனார் அனுப்பிய பாட்டில். மூன்றிலும் பி6 இருந்தது. நான் மூன்று மருந்து சாப்பிடுவதாக நினைத்தேன்; ஒன்றையே மூன்று முறை சாப்பிட்டிருக்கிறேன்.

"டிபி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு நரம்பு கெடாம இருக்க நாங்களே இதத் தர்றோம். கொஞ்சமா, அளவா. அதே பி6 மாசக்கணக்கா அளவு மீறிப் போனா நரம்பையே கெடுக்கும். ஆக்டிவ்னு போட்டிருந்தா மட்டும் அளவு இல்லாமப் போயிடுமா?" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. சோர்ந்த குரலில், தினமும் யாருக்காவது சொல்வதுபோலச் சொன்னார். குழந்தையையும் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். ரத்தப் பரிசோதனை எழுதினார். பி6 உள்ள எல்லாவற்றையும் அன்றே நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகும் சில வாரம் மரமரப்பு கூடுதலாகத் தெரியலாம், பயந்துபோய் மறுபடி ஆரம்பிக்காதே என்றார்.

அப்படியே கூடியது. அந்த வாரங்களில் ஒவ்வொரு காலையும் கை அந்தப் பாட்டில் இருந்த அலமாரிப் பக்கம் போய்விட்டுத் திரும்பும். குழந்தையை என் கணவர்தான் குளிப்பாட்டினார். கம்பெனியில் என்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். வேனில் ஆபாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "பேஜாரா இருக்கே. அப்ப எதத்தான் போடறது?" என்று கேட்டார். கை மரத்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். "லீவு யாரு குடுப்பா?" என்றார்.

மெல்ல மெல்ல உணர்வு திரும்பியது. சிமென்ட் தரையின் குளிர்ச்சி ஒரு நாள் பாதத்தில் ஏறியபோது அங்கேயே நின்றுவிட்டேன். இப்போது குளிப்பாட்டுவது மறுபடி நான்தான். ஆனாலும் சொம்பைத் தூக்குமுன், "ஒரு வாட்டி கை வெச்சுப் பாருங்க" என்று கணவரைக் கூப்பிட்டுவிடுகிறேன். உடம்பில் ஏதாவது சரியில்லை என்றால் இன்னும் எதைச் சேர்க்கலாம் என்றே ஓடுகிற என் மனதை, முதலில் எதை நிறுத்தலாம் என்று கேட்கப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுதாகப் பழகவில்லை.