ஐயாதுரை நிறுத்திய முட்டை

ராஜபாளையத்து நூல் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் ஐயாதுரை. நானும் அதே ஷிஃப்ட். மனுஷனுக்கு எதையும் மெஷினாகவே பார்க்கிற புத்தி. அதனால் வந்த வினையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரமும் பரிதாபமும் சேர்ந்தே வருகின்றன.

1993-இல் அவர் மனைவி பரிபூரணத்துக்கு ஞாபகம் தவற ஆரம்பித்தது. முதலில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார். பிறகு ஒருநாள் தனியாகப் பஸ் ஏறிப் போய், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என்றைக்கோ விற்றுவிட்ட அப்பன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாரம் ஒருமுறை வரும் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். தோல் மாதிரி நரம்புச் செல் புதுசாக முளைப்பதில்லை, பிறந்தபோது இருந்ததுதான் கடைசிவரைக்கும் என்றார் அவர். அதனால் ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் பழைய புரதத்தை ஓயாமல் உடைத்துக் கழித்து, புதுசு செய்துகொண்டே இருக்க வேண்டுமாம். வயசாக ஆகக் கழிக்கிற வேலை மந்தப்பட்டுவிடும். பழையது தேங்கிக் கட்டிதட்டும். இந்த அம்மாவுக்கு அது அளவு மீறிப் போயிருக்கிறது, தடுக்க மருந்து இல்லை என்று முடித்துவிட்டார்.

ஐயாதுரை எல்லாம் புரிந்தவர்போல் தலையாட்டினார். எங்கள் மெஷினில் பஞ்சு அடைத்துக்கொண்டால் முதல் வேலையாக உள்ளே போகிற பஞ்சை நிறுத்துவோம். வீட்டில் அவர் செய்ததும் அதேதான். முட்டை, மீன், பயறு, பருப்பு என்று புரதம் உள்ள எதுவும் கிடையாது. வெறும் ரசமும் சோறும். தானும் அதையே தின்றார். என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

நாலு மாசத்தில் பரிபூரணம் பாதி ஆளாகிவிட்டார். கையைத் தூக்கினால் வளையல் முழங்கைக்கு ஓடியது. நான் சத்தம் போட்டு மறுபடியும் டாக்டரிடம் இழுத்துப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தின்கிற புரதம் போய் மூளையில் தேங்குவதில்லை, புதுசு செய்யத் தேவையானதையும் நிறுத்திவிட்டீரே என்று டாக்டர் கடிந்துகொண்டார். பஸ்ஸில் வழி நெடுக நானும் திட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஐயாதுரை இரண்டு முட்டை அவித்து, உரித்து, பரிபூரணத்தின் முன்னால் வைத்தார். அந்த அம்மா ஒன்றை அவசர அவசரமாகத் தின்றார். மற்றதை முந்தானைக்குள் மூடிக்கொண்டார்.

"அதையும் தின்னுட்டி" என்றார் ஐயாதுரை.

"இது எங்க வீட்டுக்காரவியளுக்கு. செத்த நேரத்துல மில்லுல இருந்து வந்துருவாவ. அவிய முட்டை தின்னு ரொம்ப நாளாச்சு."

ஐயாதுரை பரிபூரணத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு நான் ஐயாதுரையைத் திட்டவில்லை.